மலையகப் பெண்தொழிலாளரும் செயற்பாட்டாளர் பயிற்சியும்: மீனாட்சியம்மாளை முன்வைத்துச் சில குறிப்புகள்

மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தலைவர்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். சங்கங்கள் தோன்றிய ஆண்டுகள், பிளவுண்ட ஆண்டுகள், வேலைநிறுத்தங்களின் வெற்றி தோல்விகள் என்பன ஓரளவு ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. ஆயின், தோட்டத் தொழிலாளரிற் பாதிக்கு மேற்பட்டோராய்க் கொழுந்து மலைகளில் உழைத்துவந்த பெண்கள் தமது உரிமையைப் பேசக் கற்றுக்கொண்டது எவ்வாறு என்னும் வினா அந்நூல்களிலே அரிதாகவே எழுகின்றது. இன்று செயற்பாட்டாளர் பயிற்சி, பால்நிலைச் சமத்துவம் ஆகிய தொடர்கள் அட்டனிலும் நுவரெலியாவிலும் நடைபெறும் கருத்தரங்குகளிலே தாராளமாக வழங்குகின்றன. தொடர்கள் புதியன, வேலை பழையது. அதன் தொடக்கத்தைத் தேடுமிடத்து நாம் மீனாட்சியம்மாளிடம் வந்து சேருகிறோம்.

கோ. நடேசய்யரின் மனைவி என்ற அளவிலேயே நெடுங்காலம் அறியப்பட்ட மீனாட்சியம்மாள், 1920களின் பிற்பகுதியில் ‘தேசபக்தன்’ பத்திரிகையிலே பெண்களின் வாக்குரிமையை ஆதரித்து எழுதினார். டொனமூர் ஆணைக்குழு விசாரணை நடத்திய காலம் அது. கொழும்பின் ஆங்கிலங் கற்ற பெண்கள் 1927இல் வாக்குரிமைச் சங்கம் ஒன்றினை அமைத்திருந்தனர். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று தாம் விடையளித்ததாக அச்சங்கத்தைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா பின்னர் நினைவுகூர்ந்தார். போற்றத்தக்க விடையே. எனினும் கேட்டவரும் சொன்னவரும் தோட்டத்துப் பெண்ணைப் பற்றிப் பேசினரேயன்றி அவளோடு பேசினாரல்லர். அவளோடு பேசும் பணி மீனாட்சியம்மாள் போன்றோருக்கே எஞ்சியிருந்தது.

1931இல் நடேசய்யர் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது அத்துமீறலெனக் கருதப்பட்ட நாட்கள். புடைவை வியாபாரியாக வேடமிட்டு அவர் லயங்களுக்குட் புகுந்த கதை மலையகத்தில் யாவரும் அறிந்தது. கூட்டங்களிலே மீனாட்சியம்மாள் பாடினார். அப்பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு நூலாக 1940இல் வெளிவந்தன.

பாட்டு ஏன் என்பதை இவ்விடத்திலே சற்று நோக்குதல் தகும். கூட்டம் சேர்க்கும் உத்தியென்று இதனைச் சிலர் ஒதுக்கிவிடுவர். அது மேலோட்டமான கருத்து. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு வர்க்கத்திலே, அதிலும் பெண்களிடையே, துண்டுப்பிரசுரம் செல்லக்கூடிய தூரம் மிகக் குறைவு. கங்காணியின் கையில் அகப்பட்டால் அதனை வைத்திருந்தவருக்கு ஆபத்து. பாட்டோ நாவிலே தங்கி மறுநாள் மலைக்குச் செல்வது. அறிந்த மெட்டுகளிலே புதிய சொற்கள் ஏறின. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தன; சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களிலே தோட்ட வாழ்வின் துன்பம் நிறையவே பேசப்படுகின்றது. துன்பத்தைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதன் காரணத்தைப் பெயர் சுட்டிச் சொல்லும் மொழி கிட்டியதே இங்கு நிகழ்ந்த மாற்றம். பயிற்சி என்பதன் பொருளும் இதுவே என்பது எமது கருத்து. ஆனால் அப்பாடல்களின் மையம் ‘இந்தியர்’ என்னும் சமூகம்; நூலின் பெயரே அதனைக் காட்டும். பெண் என்ற வகையில் தொழிலாளி அடைந்த சுரண்டல் அக்குடையின் கீழ் மறைந்துகிடந்தது.

அச்சுரண்டலைக் கூலிப் பட்டியலிலே வெளிப்படையாகக் காணலாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். சட்டமே வகுத்த இவ்வேற்றுமை தசாப்தங்கள் பலவற்றைத் தாண்டி நின்றது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தபின் சங்கங்களின் ஆற்றலிற் பெரும்பகுதி நாடற்றோர் பிரச்சினையிலே செலவாயிற்று, அது தவிர்க்கவியலாததுமாகும். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆண் பெண் கூலி சமமாயிற்று.

சமமாயிற்று என்பதும் முழு உண்மையன்று. கவ்வாத்து வெட்டும் ஆண் தன் கணக்கை முடித்து நண்பகல் கடந்ததும் வீடு திரும்புவான். கொழுந்தெடுப்பவளோ மாலை நிறுவைவரை கூடையோடு நிற்பாள். குறித்த கிலோ எட்டாதபோது அவளுக்கு அரைப்பேர். பின்னர் பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டவேண்டும். அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை ரேச்சல் குரியனின் 1982ஆம் ஆண்டு ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியது. சங்கம் முதலாளியிடம் வென்றெடுத்த கூலி லயத்து வாசலிலே கைமாறியது. முதலாவதைப் பற்றிப் பேசிய தோட்டத் தலைவர் இரண்டாவதைக் குடும்ப விவகாரம் என்றார். பல வேளைகளில் அவரே அக்கணவராகவும் இருந்தார்.

இந்நிலையிலே பெண்களின் தலைமை பற்றிய கேள்வி சங்கத்துக்கு வெளியேயன்றி உள்ளேதான் எழுப்பப்படவேண்டியிருந்தது. செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றிய மேனகா கந்தசாமி, தோட்டத் தொழிற்சங்கங்களிற் பெண் தலைமை குறித்து 2002இல் தனி நூலொன்றை எழுதியமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. சங்கம் செவிசாய்க்காதவிடத்து என்ன நிகழும் என்பதைக் கடலுக்கு அப்பாலுள்ள மூணாறு காட்டிற்று. 2015 செப்டெம்பரில் அங்குள்ள தமிழ்ப் பெண்தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆண் தலைவர்களை ஒதுக்கிவைத்து வீதியை மறித்து, 20 வீத போனசைப் பெற்றனர். அவ்வமைப்பு பின்னர் பிளவுண்டதும் உண்மை. தன்னெழுச்சிக்குப் பின் நிலைத்த அமைப்பைக் கட்டும் ஆட்கள் போதியளவு உருவாகியிருக்கவில்லை.

ஆகவே, நகர மண்டபத்து இருநாட் பயிற்சியை நாம் மதிப்பிடும்போது சில எளிய வினாக்களைக் கேட்கவேண்டும். வந்தவளுக்கு அந்நாட்களின் பேர் விழுந்ததா? சம்பளத் துண்டின் கழிவுகளை அவள் தானே வாசிக்கிறாளா? மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையிடம் வாதாடுகிறாளா? அவள் திரும்பிச் செல்லும் தோட்டத்திலே சங்கக் கமிட்டி இன்னும் மாலை ஆறு மணிக்குத்தான், அவள் அடுப்படியில் நிற்கும் நேரத்தில், கூடுகிறதா?