பிக்கப் சரக்குந்துகளின் எண்ணெய் வடிகட்டி

எண்ணெய் வடிகட்டி என்பது உள் எரி பொறியின் மசகு எண்ணெயில் சேரும் மாசுகளைப் பிரித்தெடுக்கும் உறுப்பு ஆகும். பின்புறம் திறந்த சரக்குத் தட்டினைக் கொண்ட பிக்கப் சரக்குந்துகளில், எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் வடிகட்டியையும் மாற்றுவது வழக்கம். மாற்று வடிகட்டிகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அவற்றுட் பல வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும் புரி, அடைப்பு வளையத்தின் விட்டம், வால்வுகளின் அமைப்பு ஆகியவற்றில் வேறுபடுகின்றன. எனவே ஒரு வடிகட்டி பொறியில் பூட்டக்கூடியதாக இருப்பது, அது அப்பொறிக்கு உரியது என்பதற்குப் போதிய சான்று ஆகாது.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துப் பொறிகளில் எண்ணெய் வடிகட்டி இருக்கவில்லை. 1923 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் ஆகிய இருவரும் தானுந்துகளுக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். அது பியூரோலேட்டர் எனப் பெயரிடப்பட்டது. தொடக்கத்தில் எண்ணெயின் ஒரு சிறு பகுதி மட்டுமே வடிகட்டி வழியாகச் செலுத்தப்பட்டது. பின்னர், தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முழுவோட்ட முறை பரவலானது. உலோகக் குடுவையும் வடிதாளும் ஒரே உறுப்பாக அமைந்து, கையால் திருகிப் பூட்டக்கூடிய வடிகட்டிகள் 1950களில் அறிமுகமாயின.

அமைப்பும் செயற்பாடும்

எண்ணெய் ஏற்றி அனுப்பும் எண்ணெய், வடிகட்டியின் விளிம்பை ஒட்டிய சிறு துளைகள் வழியாக உட்புகுகிறது. மடிப்பு மடிப்பாக அமைந்த வடிதாளைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறித் தாங்கிகளை அடைகிறது. உலோகத் துகள்கள், புகைக்கரி, தூசு முதலியன வடிதாளில் தங்கிவிடுகின்றன. வடிதாள் செல்லுலோசு, செயற்கை இழை அல்லது இவ்விரண்டின் கலவையால் ஆனது.

வடிகட்டியின் பணியில் இரு வால்வுகள் முக்கியமானவை.

மாற்றுவழி வால்வு: வடிதாள் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் தடித்துவிட்டாலோ இது திறந்து, எண்ணெயை வடிகட்டாமலேயே பொறிக்கு விடுகிறது. மாசுள்ள எண்ணெயை விட எண்ணெய் கிடைக்காமற்போவதே பொறிக்கு விரைவாகக் கேடு விளைவிக்கும் என்பது இதன் அடிப்படை. சில பொறிகளில் இவ்வால்வு பொறியின் உடலிலேயே உள்ளது. வேறு சிலவற்றில் வடிகட்டிக்குள் இருக்கவேண்டும்.

திரும்போட்டத் தடுப்பு வால்வு: பொறி நின்றபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் இதழ். வடிகட்டி கிடையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்படும் பொறிகளில் இது இன்றியமையாதது. இது பழுதானால், பொறியை இயக்கும் ஒவ்வொரு முறையும் சில நொடிகள் தட்டும் ஓசை கேட்கலாம். சிலிக்கோனால் ஆன இதழ், நைட்ரைல் ரப்பரை விட வெப்பத்தை நெடுநாள் தாங்கும்.

தெரிவு செய்யும் முறை

வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஆண்டும் பொறியின் கொள்ளளவும் தேவை. எடுத்துக்காட்டாக, ஃபோர்ட் எஃப்-150 வண்டியின் 5.0 லீட்டர் பொறி திருகுவகை வடிகட்டியையும், 2.7 லீட்டர் பொறி உறைக்குள் செருகும் வடிதாள் வகையையும் கொண்டவை. டொயோட்டா டக்கோமாவின் 4.0 லீட்டர் பொறிக்குத் திருகுவகையும், 2016 மாதிரியில் வந்த 3.5 லீட்டர் பொறிக்குச் செருகுவகையும் உரியவை.

திருகுவகையில் புரியின் அளவு மிகுந்த கவனத்துக்குரியது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்ட வடிகட்டி, முக்கால் அங்குல (19.05 மில்லிமீட்டர்) விட்டமும் அங்குலத்துக்கு 16 புரிகளும் உடைய தண்டின் மீது தளர்வாக ஏறிவிடக்கூடும். கையால் இறுக்கும்போது பொருந்தியதாகவே தோன்றும். ஆனால் எண்ணெய் அழுத்தம் உயரும்போது அது பிடி விட்டுக் கழன்றால், எண்ணெய் முழுவதும் சிறிது நேரத்திலேயே வெளியேறிப் பொறி சிதைந்துபோகும்.

அடைப்பு வளையத்தின் உள், வெளி விட்டங்கள் பொறியின் தட்டையான பரப்புக்குள் முழுமையாக அமையவேண்டும். வடிகட்டியின் நீளமும் கருதத்தக்கது. நீளமான வடிகட்டி சற்று மிகுதியான மாசைத் தாங்கக்கூடும். எனினும் மேடுபள்ளமான பாதைகளில் ஓடும் வண்டியில் அது கீழே துருத்தி நின்றால் கல்லடி படக்கூடும்.

வடிதிறன் ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறையால் அளக்கப்படுகிறது. பெட்டியில் 99 விழுக்காடு என்று மட்டும் அச்சிடப்பட்டிருப்பின் அதனாற் பயனில்லை. எத்தனை மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் என்பதும் குறிக்கப்படவேண்டும். 20 மைக்ரோமீட்டர் துகள்களில் 95 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி, அத்தகைய துகள்கள் இருபதில் ஒன்றை மட்டுமே கடந்துசெல்ல விடுகிறது.

ஐயம் ஏற்படின், வண்டியின் கையேட்டில் உள்ள உறுப்பு எண்ணை வடிகட்டி நிறுவனத்தின் பொருத்த அட்டவணையோடு ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி. பழைய வடிகட்டியை மட்டும் மாதிரியாகக் கொள்வது சரியன்று. முன்னர் பொருத்தியவர் தவறியிருக்கலாம்.

உத்தரவாதம்

வண்டி நிறுவனத்தின் வடிகட்டியைப் பயன்படுத்தாவிடின் உத்தரவாதம் நீங்கிவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, உறுப்பை இலவசமாக வழங்கினாலன்றி, குறிப்பிட்ட நிறுவனத்தின் உறுப்பையே பயன்படுத்தவேண்டும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்க இயலாது. ஆயினும் பொருந்தாத அல்லது குறைபாடுள்ள வடிகட்டியால் ஏற்பட்ட சேதத்துக்கு வண்டி நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். ஆகவே வடிகட்டி வாங்கிய பற்றுச்சீட்டையும், மாற்றிய நாள், ஓடிய தொலைவு ஆகிய குறிப்புகளையும் பேணுதல் நன்று.

பொருத்துதல்

பழைய வடிகட்டியைக் கழற்றியபின் அதன் அடைப்பு வளையமும் உடன் வந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அது பொறியிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரு வளையங்களும் அழுத்தத்தில் விலகி எண்ணெய் பீறிடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, வளையம் பரப்பைத் தொட்டபின் பொதுவாக முக்கால் முதல் ஒரு சுற்று வரை கையால் இறுக்குவர். செருகுவகையில் புதிய வளையத்தைப் பொருத்தி, உறையின் மூடியைக் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு மட்டும் இறுக்கவேண்டும். பின்னர் பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கசிவு உள்ளதா எனப் பார்த்து, பொறியை நிறுத்தி எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்தல் வேண்டும்.

கழிவு

கழற்றிய வடிகட்டியில் கணிசமான எண்ணெய் எஞ்சியிருக்கும். அது நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தும். எனவே அதனைச் சூடாக இருக்கும்போதே நன்கு வடியவிட்டு, எண்ணெயையும் உலோகக் குடுவையையும் மீள்சுழற்சிக்குக் கொடுப்பது முறையாகும்.