அரிவாளாய் வளைந்த செவ்வணு

ஒரு பரம்பரை நோயின் வேரைத் தேடிய அறிஞர்கள் இறுதியில் ஒரு புரதத்தின் அமைப்பிலே அதனைக் கண்ட வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1910-ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாத் தீவிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவரின் இரத்தத்தைப் பற்றி எழுதினார. வட்டமாக இருக்கவேண்டிய செவ்வணுக்களுள் சில அரிவாள்போல் வளைந்திருந்தன. காரணம் அவருக்குப் புலப்படவில்லை.

1945-இல் லைனஸ் பாலிங் என்னும் வேதியியல் அறிஞர் ஒரு செய்தி கேட்டார். அச்செவ்வணுக்கள் பிராணவாயுவை இழக்கும்போதே வளைகின்றன என்பதே அச்செய்தி. பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். குற்றம் அப்புரதத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். நலமுடையோர் புரதத்தையும் நோயாளர் புரதத்தையும் மின்புலத்தில் இட்டபோது, அவை வெவ்வேறு வகையில் நகர்ந்தன. 1949-இல் பாலிங் குழுவினர் இதனை ‘மூலக்கூறு நோய்’ என்றே அழைத்தனர்.

வேறுபாடு எவ்வளவு? கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் இரு புரதங்களையும் சிறு துண்டுகளாக்கி ஒப்பிட்டார். ஒரே துண்டு மாறியிருந்தது. அதில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலைன் இருந்ததை 1957-இல் அறிவித்தார். பீட்டாச் சங்கிலியின் 146 அமினோ அமிலங்களுள் ஆறாவது ஒன்றே மாறியது!

குளூட்டாமிக் அமிலம் நீரோடு உறவாடுவது. வாலைன் நீரை விட்டு விலகுவது. பிராணவாயு நீங்கியதும், அந்த வாலைன் அண்டை மூலக்கூற்றின் பள்ளத்திற் பொருந்திக்கொள்கிறது. இவ்வாறு மூலக்கூறுகள் கோவையாகி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் செவ்வணுவை வளைக்கின்றன. வளைந்தவை நுண்குழாய்களை அடைக்கின்றன. நோயாளி வலியால் துடிக்கிறார்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த ஜீனைப் பெற்ற குழந்தைக்கே இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர். கடும் மலேரியாவிலிருந்து அவர்களுக்கு ஓரளவு காப்பும் கிடைக்கிறது. இதனை 1954-இல் ஆந்தனி அல்லிசன் காட்டினார். மலேரியா மிகுந்த நாடுகளில் இந்த ஜீன் அழியாமல் நிலைத்த காரணம் இதுவே.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் இத்தகைய செவ்வணு கண்டறியப்பட்டது. ஜீனையே திருத்தி இந்நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டன் இசைவளித்தது. எனினும் அதன் விலை மிகப் பெரிது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த அறிவு மலைச் சிற்றூரின் குழந்தையைச் சென்றடையும் நாளே இவ்வரலாறு நிறைவுறும் நாள் என்பது என் எண்ணம். அப்பணி உங்கள் தலைமுறைக்கு உரியது.