தசை ஆற்றலும் எல்லப்பிரகத சுப்பாராவும்

நெடுந்தூரம் ஓடும்போது தசைகள் ஆக்சிசனைக் கொண்டு குளுக்கோசையும் கொழுப்பையும் சிதைத்து ஏடிபி என்னும் மூலக்கூறை உருவாக்குகின்றன. தசை சுருங்குவதற்கான ஆற்றலை நேரடியாகத் தருவது இந்த ஏடிபியே. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஆக்சிசன் இல்லாமல் 2 ஏடிபி மட்டுமே கிடைக்கும். ஆக்சிசன் இருந்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும்.

1920களின் நடுப்பகுதி வரை தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என நம்பப்பட்டது. தசை ஆய்வுக்காக ஹில்லும் மேயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் பெற்றிருந்தனர். இந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவ். கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றவர் என்பர். ஆர்வர்டில் பிஸ்கேயுடன் சேர்ந்து 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தார். தசை வேலை செய்கையில் அது குறைந்து, ஓய்வில் மீண்டும் உருவானது. 1929இல் இருவரும் ஏடிபியையும் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியே கண்டறிந்திருந்ததால், பாடநூல்கள் பெரும்பாலும் அவர் பெயரையே சொல்கின்றன.