ஆட்டு மண்ணீரலிலிருந்து செல் வளர்ப்புக்கு: ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி வந்த வழி

பாலவனத்தம் தொடங்கி அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை பரந்த மானாவாரிக் காட்டில், மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்துக்குக் கைகொடுப்பது ஆட்டுப்பட்டிதான். வேம்பூர் ஆடும் இராமநாதபுரம் வெள்ளையும் இந்த வெயிலையும் காய்ந்த மேய்ச்சலையும் தாங்கிப் பழகியவை. ஆனால் அறுவடை முடிந்த புஞ்சைகளில் கிடை போட்டு நகரும் மந்தைகளும், எட்டயபுரம் சந்தையில் கைமாறும் ஆடுகளும் ஒன்றோடொன்று கலக்கும்போது ஆட்டுக்கொல்லி நோய்க்கு வழி திறக்கிறது. மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், நுரையீரல் அழற்சி என்று முற்றும் இந்நோயின் வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது, தடுப்பூசியே காப்பு. அந்தத் தடுப்பூசி எப்படி அமைந்தது என்பதைத் தீர்மானித்தது, வைரஸை எதில் வளர்ப்பது என்ற கேள்விதான் என்பது என் வாதம்.

தொடக்கம் மாட்டில் இருக்கிறது. மாட்டு வெக்கை நோயின் வைரஸ் ஆட்டுக்கொல்லி வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு. 1920களில் இமயமலைச் சரிவிலுள்ள முக்தேசுவர் ஆய்வகத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கை வைரஸை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தினார். ஆட்டுடம்புக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வீரியம் அதற்குக் குறைந்தது. அந்த ஆடுகளின் ரத்தமும் பின்னர் உலர்த்திய மண்ணீரலும் தடுப்பு மருந்தாயின. பல பத்தாண்டுகள் இந்திய மாடுகளைக் காத்த அரிய பணி இது. இருந்தும் மருந்து தயாரிக்கும்போதெல்லாம் உயிருள்ள ஆடுகள் பலியாக வேண்டியிருந்தது. அந்த ஆட்டுக்குள் வேறு கிருமி இருந்தால் அதுவும் கூடவே வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்த மாட்டினங்களுக்கு மருந்தின் மிச்ச வீரியமே ஆபத்தாயிற்று.

1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை உடலுக்கு வெளியே, நரம்பல்லாத திசுவில் வளர்த்துக் காட்டினார்கள். கால்நடைத் துறையிலும் கதவு திறந்தது. கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளோரைட், கன்றின் சிறுநீரகச் செல்களில் வெக்கை வைரஸை ஏறத்தாழ 90 சுற்றுகள் வளர்த்துச் சாதுவாக்கினார். மாட்டினம் எதுவானாலும் தாங்கிய அந்தத் தடுப்பூசி, 2011இல் உலகம் வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதற்குப் பெருங்காரணம்.

ஆட்டுக்கொல்லியை 1942இல் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரித்தார்கள். இந்தியாவில் அது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் அடையாளம் காணப்பட்டது. உறவு வைரஸ் என்பதால் வெக்கைத் தடுப்பூசியே ஆட்டையும் காத்தது. சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. வெக்கை ஒழிந்ததை ரத்தப் பரிசோதனையால் மெய்ப்பிக்க வேண்டிய காலம் அது. ஊசி போட்ட ஆட்டின் ரத்தத்தில் வெக்கைக்கான எதிர்ப்பொருள் தெரிந்தால் நோய் உண்டா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஆட்டுக்கொல்லி வைரஸிலிருந்தே தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் நைஜீரியா 75/1 என்ற தடுப்பூசி வந்தது. இங்கே இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் சுங்ரி 96, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அரசூர் 87 ஆகியவை வந்தன. இந்தியாவில் நோய் முதலில் தெரிந்த அரசூரே தடுப்பூசியின் பெயராகியிருக்கிறது.

இவை வெரோ செல்களில் வளர்பவை. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானின் சிபாவில் உருவாக்கப்பட்ட செல் வரிசை அது. உறைநிலையில் சேமித்து வேண்டும்போது பெருக்கலாம், ஒவ்வொரு முறையும் விலங்கைத் தேட வேண்டியதில்லை. குடுவையின் அடியில் படலமாகப் படர்ந்த செல்களின் மேல் வைரஸை விடுவார்கள். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, உருக்குலைந்து, கழன்று விழும். உறையவைத்து உருக்கி வைரஸை வெளியே எடுத்து, நிலைநிறுத்தும் பொருள் சேர்த்து, உறைநிலையில் உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள்.

இத்தனை நுட்பமும் கரிசல் வெயிலில் தோற்றுவிடக்கூடும். உலர்ந்த மருந்தைக் குளிரில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் மருந்தை முறித்துவிடும் என்பதால், குட்டிக்கு மூன்று மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கான மருந்து இருக்கும். நாலைந்து ஆடு வைத்திருப்பவர் வீட்டு வாசலில் அதைத் திறந்தால் பெரும்பகுதி வீணாகும். ஆகவே தடுப்பூசி முகாமின் தேதியை அலுவலக நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்காமல், மந்தைகள் கூடிக் கிடை போடும் நாட்களையும் வெளியூர் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நாட்களையும் மந்தை மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்டுக் குறிப்பதே சரியென்று கருதுகிறேன்.