கூகுள் மேப்ஸில் நம் கடை: வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

நெடுஞ்சாலை ஓரம் பிரியாணிக் கடை நடத்தும் நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவருக்கு நேர்ந்தது இது. ஒரு நாள் மஃரிப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. வயதான தாயாரும் இரண்டு பெண்பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "பெண்கள் தொழும் இடம் எங்கே பாய்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மாடி அறை முன்பு அதற்காக இருந்தது உண்மை. அரிசி மூட்டை அடுக்க இடம் போதாமல் அதை ஸ்டோர் ரூம் ஆக்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வந்தவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். கூகுள் மேப்ஸில் கடைப் பெயருக்குக் கீழே யாரோ கேட்ட கேள்வியும் யாரோ சொன்ன பதிலும் இருந்தன: "உண்டு, மாடியில்." அதை நம்பி, பெண்களுக்கு இடவசதி உள்ள ஒரு பள்ளிவாசலை வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வக்து போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவே கடைக்கு ஒரே ஒரு ஸ்டாருடன் ஒரு ரிவ்யூ விழுந்தது. கடைக்காரருக்கு அப்படியொரு கேள்வி அங்கே இருந்ததே அதுவரை தெரியாது. பதில் எழுதியவரும் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய நாளில் அது உண்மைதான்.

நம் குடும்பங்களில் ஏதோ ஒரு வியாபாரம் இல்லாத வீடு குறைவு. பலசரக்கு, ஜவுளி, பேக்கரி, செருப்பு, உம்ரா டிராவல்ஸ், வீட்டிலிருந்தே அபாயா தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் என எதுவாக இருந்தாலும், வாடிக்கையாளர் கடைவாசலுக்கு வருமுன் கூகுள் பக்கத்துக்குத்தான் வருகிறார். அந்தப் பக்கம் எப்படி இயங்குகிறது, அங்கே கேட்கப்படும் கேள்விகளை எப்படிக் கையாள்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பக்கத்தை நாம் தொடங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு கடையை வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். படம் போடலாம், நேரத்தைத் திருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூடத் தெரிவிக்கலாம். கடைக்காரர் உரிமை கோரிச் சரிபார்த்த பிறகுதான் அவருடைய சொல்லுக்கு அங்கே தனி இடம் கிடைக்கிறது. முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்று அழைக்கப்பட்ட இந்தச் சேவைக்கு 2021 நவம்பரிலிருந்து 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர். கட்டணம் எதுவும் கிடையாது. சரிபார்ப்புக்குப் பல இடங்களில் இப்போது வீடியோ கேட்கிறார்கள். கடை இருக்கும் தெரு, பெயர்ப்பலகை, கடையை நடத்துவது நாம்தான் என்பதற்கான அடையாளமாக ஷட்டரைத் திறப்பது அல்லது கல்லாவை இயக்குவது, இவற்றை இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்து அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலை அடிக்கடி பார்க்கிறோம். கணக்கைத் தொடங்கியது கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி. அவருடைய சொந்த ஜிமெயிலில். அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். கடையின் பக்கம் அவருடைய கைபேசியிலேயே இருக்கிறது! அவரைத் தொடர்புகொள்ள முடிந்தால் உரிமையை மாற்றித் தரச் சொல்லலாம். முடியாவிட்டால் கூகுளிடமே அணுகல் கோரிக்கை வைக்கலாம். தற்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் தருகிறார்கள்; பதில் வராவிட்டால் நாமே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் திறக்கும். இனிமேலாவது உரிமையாளர் கணக்கு வாப்பாவின் பெயரில் அல்லது கடைக்கென்று உள்ள ஜிமெயிலில் இருக்கட்டும். பதில் எழுதும் பிள்ளைகளையும் ஊழியரையும் 'மேலாளர்' என்று சேர்த்தால் போதும். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

இனி கேள்விகளுக்கு வருவோம். பொதுவெளியில் கேள்வி கேட்டு, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லும் பகுதியை 2017இல் கூகுள் கொண்டுவந்தது. அதிகம் பேர் விரும்பிய பதில் மேலே நிற்கும். பிறர் எழுதிய தவறான பதிலைக் கடைக்காரர் அழிக்க முடியாது. புகார் செய்யலாம், தன் பதிலையும் சேர்க்கலாம். நம் சகோதரருடைய கடையில் நடந்தது இந்தப் பகுதியால்தான். 2025 இறுதியில் கூகுள் இதை விலக்கிக்கொள்ளத் தொடங்கியது. அதன் இடத்தில், வாடிக்கையாளர் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும் ஏற்பாடு வருகிறது. கடையின் விவரங்கள், ரிவ்யூக்கள், படங்கள், இணையதளம் இருந்தால் அது என்று கிடைப்பதையெல்லாம் படித்து அந்த எந்திரம் பதில் தயாரிக்கிறது. கூகுளிலேயே நேரடியாகப் பேசும் சாட் வசதியும் 2024 ஜூலை 31உடன் நிறுத்தப்பட்டுவிட்டது.

தொல்லை விட்டது என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. முன்பாவது கேள்வி கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது வாடிக்கையாளர் கேட்பதும் எந்திரம் சொல்வதும் கடைக்காரருக்குத் தெரியாமலே நடந்துவிடும். ஆகவே கேள்வி வருமுன்பே பதிலை வைத்திருக்க வேண்டும். எந்திரம் எடுத்துப் படிக்கும் இடங்களில் நாமே எழுதி வைக்க வேண்டும்.

நேரம் முதல் இடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடுகிறோம் என்றால் அன்றைய நேரத்தை இரண்டு பகுதியாகப் போடலாம். காலை முதல் 12.15 வரை, பிறகு 2 மணி முதல் இரவு வரை என்று. ரமளானுக்கும் இரு பெருநாள்களுக்கும் 'சிறப்பு நேரம்' என்ற பகுதி இருக்கிறது. ரமளானில் பகல் முழுக்க மூடிவிட்டு அஸருக்குப் பிறகு திறக்கும் கடைகள், கூகுளில் மட்டும் காலை 11 மணிக்குத் 'திறந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருக்கின்றன. மாற்று மதச் சகோதரர் ஒருவர் அதை நம்பி வெயிலில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் யாரைக் குறை சொல்வது?

அடுத்தது வசதிகளைக் குறிக்கும் பகுதி. கடையின் வகையைப் பொறுத்து யூபிஐ, பார்க்கிங், சக்கர நாற்காலி வழி, ஹலால் உணவு போன்றவற்றை உண்டு, இல்லை என்று குறிக்கலாம். கடையைப் பற்றிய விவரிப்பில் 750 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். இணைய முகவரிகள் அனுமதி இல்லை. அதில் "பாரம்பரியமும் சுவையும் சங்கமிக்கும்" என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். வாரத்தில் பத்துப் பேர் போனில் கேட்கும் கேள்வி எதுவோ அதற்கான பதிலை எழுதுங்கள். பிரியாணி எத்தனை மணிக்குத் தீரும்? குடும்ப அறை உண்டா? தாம்பூலப் பைக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? கல்லாவில் ஒரு நோட்டு வைத்து ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹலால் பற்றிய கேள்வியில் ஒரு சொல் கவனம். நம் நாட்டில் உள்ளூர் உணவகங்களுக்கு அரசே வழங்கும் ஹலால் முத்திரை கிடையாது. சான்றிதழ் தருபவை தனியார் அமைப்புகள். சான்றிதழ் வாங்காத கடை 'ஹலால் சான்று பெற்றது' என்று எழுதுவது பொய். நம் கடை நடத்துவது முஸ்லிம்தானே என்ற எண்ணத்தில் அப்படி எழுதிவிடுகிறார்கள். இறைச்சி எங்கிருந்து வருகிறது, அறுப்பவர் யார் என்று தெரிந்ததை எழுதினாலே கேட்பவருக்கு மனம் நிறையும். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் வேறு விஷயம். அந்த 14 இலக்க எண் உணவுப் பாதுகாப்புக்கானது. ஹலாலுக்கு அது சான்றாகாது.

இதைவிடப் பெரிய பொறுப்பு, உணவில் என்ன சேர்கிறது என்ற கேள்வி. முந்திரியோ நிலக்கடலையோ ஒவ்வாத பிள்ளையின் தாய் "குருமாவில் முந்திரி அரைக்கிறீர்களா?" என்று கேட்டால், சமையல்காரரிடம் கேட்காமல் கல்லாவிலிருந்து "இல்லை" என்று தட்டிவிடக் கூடாது. அது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட பதில். உறுதியாகத் தெரியாவிட்டால், எல்லாம் ஒரே அடுப்படியில் சமைக்கிறோம், உறுதி தர இயலாது என்று எழுதுவதே சரி.

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து உள்ளே ஈரம் இருந்ததைக் கண்ட நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். கார் நிறுத்த இடமில்லை, ஏசி இல்லை, கார்டு வாங்குவதில்லை என்பதெல்லாம் நம் பக்கத்தில் நனைந்த தானியம். அதை மேலே வைக்கலாம்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட ரிவ்யூக்களை என்ன செய்வது? கடைக்காரர் அவற்றை அழிக்க முடியாது. விதியை மீறியவற்றைப் புகார் செய்யலாம். மற்றவற்றுக்குப் பதில் எழுதலாம். பிறகு அந்தப் பதிலைத் திருத்தவும் முடியும். நம் கருத்து, ஸ்டார் குறைந்தவற்றில் கோபத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கேள்வியைப் பார்க்க வேண்டும். "ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள்" என்பதற்குள் 'ஞாயிறு மதியம் எவ்வளவு நேரம் ஆகும்?' என்ற கேள்வி இருக்கிறது. மன்னிப்பை ஒரு வரியில் சொல்லிவிட்டு அதற்குப் பதில் சொன்னால், அடுத்து படிக்கும் நூறு பேருக்கு அது உதவும். வாடிக்கையாளர் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று பொதுவில் எழுதிச் சண்டை போடுவது தகாது. தையல் கடையில் பெண்களின் அளவு விவரம், போன் நம்பர் எதையும் பதிலில் எழுதவே கூடாது. "கடைக்கு அழையுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காரர்களைக் கொண்டு ஐந்து ஸ்டார் போடவைப்பது, ரிவ்யூ எழுதினால் ஜூஸ் இலவசம் என்பது, இவையெல்லாம் சாதாரணமாகிவிட்டன. இரண்டும் கூகுளின் விதிக்கு மாறானவை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு (பிஐஎஸ்) 2022 நவம்பரில் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தரத்தை வெளியிட்டது. ஃபிக்ஹில் 'நஜ்ஷ்' என்று ஒன்று ஓதியிருக்கிறோம். வாங்கும் எண்ணம் இல்லாதவர் ஏலத்தில் புகுந்து, பிறரைத் தூண்டிவிடுவதற்காக விலையை ஏற்றிவிடுவது அது. புகாரியிலும் முஸ்லிமிலும் தடை வந்திருக்கிறது. சாப்பிடாத பிரியாணியை மச்சானின் கணக்கிலிருந்து புகழ்வது இதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து கேக்கும் துணியும் விற்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. வீட்டு முகவரி வரைபடத்தில் தெரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். சொந்த நம்பருக்குப் பதில் வியாபாரத்துக்கெனத் தனி நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டால், விலை, டெலிவரி போன்ற வழக்கமான கேள்விகளுக்கு முன்பே எழுதி வைத்த பதிலை அனுப்பிவிடலாம்.

"கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை நீக்கப்படும்" என்று வரும் அழைப்புகள் மோசடி. ஓடிபியைச் சொல்லிவிட்டால் பக்கம் கைமாறிவிடும்.

அந்த நெடுஞ்சாலைக் கடைக்காரர் ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்குக் கீழே வருத்தம் தெரிவித்து, பெண்களுக்கு இடவசதி உள்ள பள்ளிவாசல் எவ்வளவு தூரத்தில், எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்தார். பிறகு மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றி மாடி அறையில் பாதியைத் தடுத்து, பாய் விரித்துப் படம் போட்டிருக்கிறார். ஒளூச் செய்ய இன்னும் கீழேதான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடிப்படி சிரமம். படத்தின் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறார்.