சிவப்புக் கேடயமும் புசல்லாவைத் தோட்டமும்

கேகாலைத் தோட்டங்களிலிருந்து புசல்லாவைப் பக்கம் பெண் கொடுத்தோரும் எடுத்தோரும் நம்மிடையே உண்டு. அங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயரை நாம் பலமுறை உச்சரித்திருக்கிறோம். அது எவர் பெயர் என்று கேட்டோமில்லை.

ஜெர்மனி தேசத்துப் பிராங்பேர்ட் நகரில், 1462 முதல் யூதர்களை ஒரே குறுகிய தெருவில் அடைத்து வைத்தார்கள். வீடுகளுக்கு அந்நாளில் இலக்கமில்லை. வாசலிலிருந்த சின்னமே அடையாளம். ஒரு வீட்டின் சின்னம் சிவப்புக் கேடயம். ஜெர்மன் மொழியில் 'ரோட்' என்றால் சிவப்பு, 'ஷில்ட்' என்றால் கேடயம். அவ்வீட்டார் பின்னர் வேறு வீடு புகுந்தனர். பெயர் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. அந்த வமிசத்தில் 1744 இல் பிறந்த மேயர் அம்ஷெல் வட்டித் தொழிலில் ஓங்கினார். அவருடைய ஐந்து புதல்வர்களால் பிராங்பேர்ட், வியன்னா, லண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் ஆகிய ஐந்து நகரங்களிலும் அப்பெயர் வேரூன்றிற்று.

மேயரின் மூத்த மகள் வோர்ம்ஸ் என்னும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மக்களான மொரிஸ், கேப்ரியல் என்ற சகோதரர் இருவரும் 1840களில் புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டு, தாய்வீட்டுப் பெயரைத் தோட்டத்திற்குச் சூட்டினர். தந்தை வழிப் பெயர் இருக்கத் தாய் வழிப் பெயரை நாட்டியது நமக்குச் சற்று வியப்பே! சீனத் தேயிலைச் செடிகளையும் அங்கே நட்டுப் பார்த்தனர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட 1867க்கு முந்திய முயற்சி இது. இருவரும் 1860களில் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயினர்.

அக்காட்டை வெட்டிய நம்மவர்க்கோ குடும்பப் பெயர் ஏது? கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னாற் போதும். தகப்பன் பெயரின் முதலெழுத்து மகனோடு நிற்கும்; பேரனிடம் அதுவும் மாறிவிடும். செக்றோலில் கிளாக்கர் எழுதியதே எழுத்து. ஒரே முத்துசாமி மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருப்பான். இது வேடிக்கையாக இருந்தது 1948 வரையில்தான். அவ்வாண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவனிடமும் தந்தை இலங்கையிற் பிறந்ததற்கோ, அன்றிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்டது. பூட்டன் பெயரை எந்த ஏட்டில் தேடுவது? ஒரு வீட்டு வாசற் சின்னம் முந்நூறு ஆண்டு அழியாமல் கடல் தாண்டி வந்து ஒரு மலைக்கே பெயராயிற்று. அம்மலையிற் பிறந்தவர்களுள் 'நாடற்றவர்' என்ற பெயர் நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருந்தோரும் உண்டு.