இன்னொரு கெயின்ஸ்

கெயின்ஸ் என்றதும் காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஜான் மேனார்ட் கெயின்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு ஜெஃப்ரி என்று ஒரு தம்பி உண்டு. லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் சர்ஜன். (கவிஞர் வில்லியம் பிளேக் பற்றிய ஆராய்ச்சி வேறு!)

அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றால் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் வகுத்த வழிதான். மார்பகம், அதன் அடியில் இருக்கும் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை வீங்கிவிடும். ஜெஃப்ரிக்கு இது பிடிக்கவில்லை. 1920களில் ரேடியம் அடைத்த ஊசிகளை மார்பகத்திலும் அக்குளிலும் செருகி, சில நாட்கள் அப்படியே விட்டுவைத்தார். சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார். ஹால்ஸ்டெட் முறைக்கு இணையான பலன் கிடைக்கிறது என்று 1937ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். சக சர்ஜன்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போர் வந்தது. குண்டு விழுந்தால் ரேடியம் ஊர் முழுக்கச் சிதறிவிடும் என்று லண்டனிலிருந்து அதை அப்புறப்படுத்தினார்கள். ஊசி இல்லாமல் என்ன செய்வது? முயற்சி அத்தோடு நின்றது.

மிலானில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1970களில் முறையான சோதனைகளைத் தொடங்கினார்கள். இருவரின் 20 வருட முடிவுகளும் 2002ல் வந்தன. மார்பகத்தைக் காப்பாற்றினாலும் ஆயுள் குறையவில்லை. ஆனால் ஃபிஷரின் சோதனையில் கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் கட்டி திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதம்தான்.

சிக்கல் அங்கேதான். கதிர்வீச்சு என்றால் ஐந்தாறு வாரம் தினமும் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். முடியாதவர்கள் முழு மார்பகத்தையும் எடுத்துவிடச் சொன்னார்கள். கட்டி பெரும்பாலும் பழைய இடத்தில்தானே திரும்புகிறது, அங்கே மட்டும் கொடுத்தால் என்ன? 1998ல் லண்டனில் ஜெயந்த் வைத்யா, மைக்கேல் பாம், ஜெஃப்ரி டோபியாஸ் மூவரும் கட்டி எடுத்த குழிக்குள் உருண்டை வடிவக் கருவியை வைத்து, அதே மயக்கத்திலேயே அரை மணி நேரம் போல எக்ஸ்ரே கொடுத்தார்கள். டார்கிட் என்று பெயர். 2020ல் வந்த முடிவில், ஐந்து வருடத்துக்குள் இந்த முறையில் 1140 பேரில் 24 பேருக்கும், வழக்கமான முறையில் 1158 பேரில் 11 பேருக்கும் கட்டி திரும்பியிருந்தது. 24 பெரிதா சின்னதா என்று மருத்துவர்கள் இடையே பெரிய சண்டை. எலக்ட்ரான் கதிரை வைத்து மிலானில் செய்த இதே மாதிரி சோதனையில், 15 வருடத்தில் 12.6க்கு 2.4 சதவீதம் என்று இடைவெளி இன்னும் அதிகம். ஆயுளில் மட்டும் வித்தியாசமில்லை.

இதற்குள், வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சையே ஒரே வாரத்தில் ஐந்து தவணையாகக் கொடுத்தால் போதும் என்று 2020லேயே பிரிட்டனில் இன்னொரு சோதனை காட்டிவிட்டது.